ஒன்பதாவது கறுப்புப் புத்தகம்

"கட்டு எண் 14. கறுப்புத் துணிப் புத்தகங்கள் ஒன்பது. முதல் எட்டில் கன்னட எழுத்து, படிக்கத்தக்க நிலை. ஒன்பதாவது, பூஞ்சணம் பிடித்தது, எழுத்து இல்லை. 1931 ஜூலை 11, சனிக்கிழமை."

இது என் கையெழுத்து. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தந்திருக்கிறேன். பெங்களூரில் நான் குமாஸ்தாவாக இருந்த தாலூகா கச்சேரியின் பழைய ரிக்கார்டுகளுக்கு முதன்முதலாகப் பட்டியல் போட்டபோது எழுதியது. அந்தப் பட்டியலில் வேறு பிழைகளும் உண்டு. கண்ணில் பட்டவற்றை நானே பின்னால் சிவப்பு மையில் திருத்தினேன். அவையெல்லாம் அறியாமல் நேர்ந்தவை. அறிந்தே எழுதிய பொய் ஒன்றுதான், "எழுத்து இல்லை" என்பது.

எங்கள் ரிக்கார்டு ரூம் கச்சேரியின் பின்புறம் இருந்தது. முன்பு குதிரைச் சேணங்கள் வைத்திருந்த அறை என்பார்கள். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் வடக்குச் சுவர் முழுதும் ஈரம் ஏறும். செங்கல் நிறத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கும்; எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சிரஸ்தேதார், அதாவது கச்சேரியின் தலைமைக் குமாஸ்தா, 1931 மே மாதத்தில் என்னைக் கூப்பிட்டார். மழை முற்றுமுன் எல்லா மூட்டைகளையும் பிரித்துப் பட்டியல் போடும்படி சொன்னார். மற்ற குமாஸ்தாக்கள் அந்த அறைக்குள் போனால் இருமல் வரும் என்று ஒதுங்கினார்கள். நான் ஆசையோடு போனேன்.

ஆசைக்குக் காரணம் உண்டு. பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை பெய்த நாள், தெருவில் முதல் மின்விளக்கு எரிந்த நாள், பிளேக் பயத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடிசையில் தங்கிய நாட்கள், எல்லாம் அதில் இருக்கும். பழைய காகிதங்களைக் காப்பது பற்றிச் சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அடுப்பெரிக்கவும் ஆற்றில் விடவும் ஏடுகளைக் கொடுத்தவர்களை அதில் நன்றாகவே கண்டித்திருந்தேன். அந்த இதழின் பிரதி ஒன்றைச் சிரஸ்தேதாரிடமும் கொடுத்தேன். அவர் அதை மேசையில் மேலாகத் தெரியும்படி வைத்திருந்தார்.

பதினான்காவது கட்டைப் பிரித்தது ஜூலை முதல் வாரம். உள்ளே கறுப்புத் துணிப் புத்தகங்கள். கன்னடத்தில் "கடத" என்று சொல்வார்கள். காகிதம் மலிவாவதற்கு முன் இந்தச் சீமையின் கிராமக் கணக்கர்கள், அதாவது சானுபோகர்கள், இதில்தான் எழுதினார்கள். நீளத் துணிக்குப் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசி, காயவைத்து, விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்து, இரண்டு புறமும் மரப்பலகை வைத்திருப்பார்கள். எழுதுவது மாக்கல் பலப்பத்தால். நான் அவற்றைப் பார்த்தது அதுவே முதல் தடவை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சர்க்கார் வேலைக்காக வந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஓலை, பிறகு காகிதம்.

எங்கள் வீட்டில் தகப்பனார் வைத்திருந்த வைத்திய ஓலைகள் நான்கு கட்டு இருந்தன. சரஸ்வதி பூஜைக்கு முன்தினம் அவற்றைப் பிரித்து, எலுமிச்சம்புல் தைலத்தில் நனைத்த துணியால் ஒவ்வோர் ஓலையாக அவர் துடைப்பார். தூசியும் பூச்சியும் போகும். கீறிய எழுத்து எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். அவருக்குப் பிறகு நானும் அப்படியே செய்துவந்தேன். பழையதைக் காப்பது என்றால் என் கை முதலில் தேடுவது அந்தத் தைலத்தைத்தான்.

எட்டுப் புத்தகங்கள் சுமாராக இருந்தன. ஒன்பதாவது வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது போலும். மடிப்புக்கு மடிப்பு வெள்ளைப் பூஞ்சணம், அரிசி மாவைக் கொட்டியது போல. எழுத்து எங்கே, பூஞ்சணம் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. மரப்பலகையில் மட்டும் ஊர்ப்பெயர் தெரிந்தது. தொம்மலூருக்கு அப்பால் கிழக்கே உள்ள ஒரு சிறு கிராமம்.

சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து தைலக்குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

"வீட்டு ஓலைக்கு ரெண்டு வருஷமா பூஜையே இல்ல. கச்சேரி மூட்டைக்குத் தைலமா? போற போக்குல எனக்கும் கொஞ்சம் முட்டிக்குத் தடவிட்டுப் போங்க."

அன்று கச்சேரியில் ஆள் குறைவு. ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து, முதல் மடிப்பில் துணியை வைத்து இழுத்தேன். வெள்ளை போனது. அடியில் நல்ல கறுப்பு, எண்ணெய் மினுமினுப்போடு. இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை என்று நினைத்தேன். அடுத்த மடிப்பும் அப்படியே. மூன்றாவதும். ஒரு புத்தகத்தில் முதல் சில பக்கங்களை வெறுமையாக விடுவது வழக்கம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னது நினைவிருக்கிறது. சுத்தமாகும் வேலையில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அது கையை நிறுத்த விடாது. அப்படியே கடைசி மடிப்புவரை போய்விட்டேன்.

எங்கள் பியூன் உள்ளே வந்தார். வீட்டில் தக்கனி உருது பேசுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரையும் "சாப்" என்பார். மேசையையும் என் கையிலிருந்த துணியையும் பார்த்தார்.

"என்னா சாப் இது. சிலேட்டு தொடச்சாப்ல இருக்குதே."

துணியைப் பார்த்தேன். அது வெள்ளையாக இல்லை. பூஞ்சணம் இவ்வளவு சாம்பல் நிறத்தில் வராது. ஒரு மூலையில், தலைகீழாக, ஒரு கன்னட எழுத்தின் வளைவு ஒட்டியிருந்தது.

பலப்பத்தால் எழுதியது எண்ணெய்த் துணியில் நிற்காது என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எழுத்துப் பழகும் வயதில் உள்ளங்கையால் சிலேட்டை அழிக்காதவர் யார். ஆனால் அரைமணி நேரம் அது என் புத்தியில் ஏறவில்லை. பழைய எழுத்து என்றால் கீறியது, அழியாதது என்று ஓலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

"வெளியே சொல்லாதீங்க" என்றேன்.

"நான் என்னத்த சொல்றது. எனக்கு வாசிக்கத் தெரியுமா என்ன" என்று சொல்லிவிட்டு, துணியை வாங்கிக்கொண்டு போனார். அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலையே அந்தப் பதிவை எழுதினேன். "எழுத்து அழிந்துவிட்டது" என்று எழுதியிருக்கலாம். யார் அழித்தது என்று கேட்பார்கள். சிரஸ்தேதார் மேசையில் என் கட்டுரை கிடந்தது. அன்றைய நாட்குறிப்பில் "பட்டியல் வேலை. பிற்பகல் தூறல்" என்று மட்டும் இருக்கிறது.

இரண்டரை ஆண்டுகள் யாரும் பதினான்காவது கட்டைக் கேட்கவில்லை. நான் மறந்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நினைக்காமல் வாரக்கணக்கில் இருக்கப் பழகியிருந்தேன்.

1934 மார்ச் 5, திங்கட்கிழமை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ரிக்கார்டு ரூம் வாசலில் நின்றார். முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி, தோளில் கம்பளி. கால் விரல்களுக்கிடையே காய்ந்த சேறு.

"சாமி, எங்க தாத்தா உங்க ரூம்ல இருக்காராம். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

பியூன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் எந்த ஊர் என்று சொன்னார்.

அந்த ஊர் ஏரிக்கு அவர் நீருகண்டி. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டு விடுகிறவருக்கு இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர். வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். அவருடைய பாட்டனார் காலத்தில் அந்த வேலைக்காக ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் விட்டிருந்தார்கள். வேலை யாருடையதோ நிலம் அவருடையது. இப்போது ஊர்த் தலைவரான பட்டேலின் மைத்துனர், "இவர்கள் நேற்று வந்த கூலியாட்கள். நீருகண்டி வேலை எங்கள் வீட்டுக்குத்தான் உரியது" என்று மனுக் கொடுத்திருந்தார். தாலூகா அதிகாரியான அமல்தார் பழைய ரிக்கார்டு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். ஊர்ச் சானுபோகரோ, தன் தகப்பனார் எழுதிய கறுப்புப் புத்தகம் கச்சேரியில் இருக்கிறது, அதில் நீருகண்டி பெயர் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கு எழுத்து தெரியாது சாமி" என்றார் நீருகண்டி. "தண்ணி எந்தப் படியில நிக்குதுன்னு பாத்தா இன்னும் எத்தன நாளுக்கு வரும்னு சொல்லிடுவேன். அதுவும் ரிக்கார்டுதானே. அமல்தாரு ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"கட்டுகள் நிறைய இருக்கின்றன. தேடிப் பார்க்கவேண்டும். அடுத்த திங்கட்கிழமை வாருங்கள்."

தேட ஒன்றும் இல்லை. அது எந்தக் கட்டு, எத்தனையாவது புத்தகம், பலகையில் எந்த ஊர் என்று அவர் வாய் திறந்தபோதே எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். "கெடச்சாரா?"

"இன்னும் இல்லை."

"மெதுவா தேடுங்க. அவரும் மெதுவான ஆளுதானாம்."

அந்த வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன். மாலை நாலு மணிக்கு மேல் ஜன்னல் வழியே வெயில் சரிந்து வரும். ஒன்பதாவது புத்தகத்தை அந்த வெயிலில் சாய்த்துப் பிடித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். சில இடங்களில் பலப்பத்தை அழுத்தி எழுதியதால் கரிப்பூச்சில் மெல்லிய கீறல் விழுந்திருந்தது. மூன்று மாலைகளில் இரண்டு சொற்கள் கிடைத்தன. ஏழாம் மடிப்பில் ஏரியைக் குறிக்கும் "கெரே". அதே மடிப்பில், நான்கு விரல் தள்ளி, மதகைக் குறிக்கும் "தூபு". அதற்குப் பிறகு ஒரு பெயர் வரவேண்டிய இடம். அங்கே என் துணி நன்றாக வேலை செய்திருந்தது.

சனிக்கிழமை சானுபோகரைத் தேடிப் போனேன். ஊர் எல்லையில் ஓட்டு வீடு. எழுபதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் பார்வை இல்லை. கன்னடத்தில்தான் பேசினோம்.

"புத்தகம் கிடைத்ததா, மொதலியாரே?"

"கிடைத்தது. எழுத்து தெரியவில்லை."

அவர் என் கைகளைப் பார்த்தார். "எண்ணெய் போட்டீர்களா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"தமிழாட்கள் ஓலைக்குப் போடுவீர்கள். அதனால் கேட்டேன்." பல் இல்லாத வாயால் வெற்றிலையை அதக்கினார். "எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாராவது கடதயைத் தொட்டால் எங்கப்பா அன்றைக்குச் சாப்பிடமாட்டார். பூஞ்சணம் வந்தால் வெயில் படாத காற்றில் இரண்டு நாள் விரித்து வைத்து மயிலிறகால் தட்டுவார். அவ்வளவுதான் வைத்தியம். ஓர் ஆள் அனுப்பியிருந்தால் நானே வந்து தட்டியிருப்பேன்."

நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. நீருகண்டியின் பாட்டனார் பெயரை அதில் அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"படிக்கக் கேட்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு எங்கப்பா ஊரார் முன்னால் படிப்பார். ஆனால் மொதலியாரே, கடத என்பது அழித்து எழுதுவதற்குத்தான். எழுத்து மங்கினால் துடைத்து, கரி பூசி, மறுபடி எழுதுவோம். எங்கப்பா கடைசித் தடவை எழுதியபோது நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை நீருகண்டி வரியை எழுதினாரா, காகிதக் கணக்கில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. அந்தக் காகிதக் கணக்கைக் கரையான் தின்றுவிட்டது."

"நீருகண்டியிடம், பெயர் அதில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்களே."

"இருக்கும் என்று சொன்னேன். இருக்கிறது என்று சொல்லவில்லை. கேட்கிறவன் காதில் எப்படி விழுமோ அப்படி விழுந்திருக்கும்."

திரும்பி வரும்போது எனக்கு ஓர் இழிந்த நிம்மதி ஏற்பட்டது. ஒருவேளை நான் அழித்தது வேறு எதையோதான். தொம்மலூர் வருமட்டும் அந்த நிம்மதி இருந்தது. பிறகு ஏழாம் மடிப்பின் "தூபு" நினைவுக்கு வந்தது. மதகைப் பற்றி எழுதியவர் மதகுக்காரரை விட்டிருப்பாரா?

நீருகண்டி மொத்தம் நான்கு தடவை வந்தார். மார்ச் 5, 12, 19, ஏப்ரல் 2. மூன்றாம் தடவை ஏரிக்கரையில் பறித்த பொன்னாங்கண்ணிக் கீரை ஒரு கட்டு கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். பியூனிடம் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்காம் தடவை நகைப்பேச்சு ஒன்றும் இல்லை. "விசாரணை நாள் வெச்சுட்டாங்க" என்றார். "நீங்களே எடுத்துட்டு வந்துடுவீங்களாமே" என்றார்.

ஏப்ரல் 18, புதன்கிழமை, அமல்தார் அறையில் விசாரணை. அமல்தார் இளவயதுக்காரர், மைசூரில் படித்தவர், நியாயமானவர் என்று பெயர். பட்டேலின் மைத்துனர் சரிகைத் தலைப்பாகையோடு ஒரு பக்கம். அவர் சார்பில் இரண்டு கிழவர்கள் சாட்சி சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். நீருகண்டிக்குச் சாட்சி சானுபோகர் மட்டுமே. "கேட்டிருக்கிறேன், கடைசியில் எழுதியதைப் பார்க்கவில்லை" என்று அவர் உள்ளதைச் சொன்னார்.

அமல்தார் என் பட்டியலைத் திறந்தார். பதினான்காவது கட்டு வரும் பக்கத்தில் விரல் வைத்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"எழுத்து இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் எழுதினீர்களா?"

வாசல் திரைச்சீலையைப் பிடித்தபடி பியூன் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. நீருகண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தோடு அல்ல, நம்பிக்கையோடு. கச்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் நான்.

"கடைசி மடிப்பு வரைக்கும் பார்த்துத்தான் எழுதினேன்" என்றேன்.

அது முழுப் பொய் அல்ல. எழுதும்போது எழுத்து இல்லைதான். அந்தப் பதிலை முதல்நாளே வீட்டில் யோசித்து வைத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

ஏப்ரல் 30 அன்று உத்தரவு வந்தது. எழுத்து மூலமான ஆதாரம் இல்லாததால் வேலையும் நிலமும் மனுதாரருக்கு. மேலே டெபுடி கமிஷனரிடம் முறையிட நாள் கொடுத்திருந்தார்கள். அன்று கச்சேரி கலையும்போது பியூன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப், நான் உருது ஸ்கூல்ல நாலாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அன்னிக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சும்மா சொன்னது." ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தத் தொடங்கினார்.

மே 13, ஞாயிற்றுக்கிழமை, நான் அந்த ஊருக்கு நடந்து போனேன். ஏரியில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் ஒரு பச்சைத் தகடு போல நின்றது. நீருகண்டி கரையின் உட்சரிவில் உட்கார்ந்து அலைதடுக்கும் கற்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேலை அவருடையதில்லை என்று ஆன பிறகும்.

"வாங்க சாமி. ஏரி பாக்கவா? பாக்கற மாதிரி ஒண்ணும் இல்லீங்களே இப்போ."

சொன்னேன். தைலம், துணி, பூஞ்சணம், பட்டியல் எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கையில் இருந்த கல்லை வைக்கவேண்டிய இடத்தில் வைத்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"தொடச்சிட்டீங்களா?"

"ஆமாம்."

"தொடைக்கறதுக்கு முன்னே பாத்தீங்களா? பேரு இருந்துச்சா?"

"பார்க்கவில்லை. பூஞ்சணம் மூடியிருந்தது."

"அப்போ எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." அடுத்த கல்லைக் கையில் எடுத்தார். "சரி. ஒரு காரியம் பண்ணுங்க. பேரு இருந்துச்சு, நான் பாத்தேன், அப்பறம் அழிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க. வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் சொன்னாரு, அப்படி ஒரு காயிதம் இருந்தா பெரிய கச்சேரியில நிக்கும்னு. இன்னும் நாள் இருக்கு."

"எழுத்து இருந்தது, நான் அழித்தேன் என்று எழுதித் தருகிறேன்."

"பேரு?"

"நான் பார்க்கவில்லையே."

அவர் எழுந்து நின்றார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை.

"இருந்த எழுத்த இல்லைன்னு எழுத வந்துச்சு சாமி உங்களுக்கு. அதுக்குக் கை வந்துச்சு. இருந்துச்சுன்னு எழுதறதுக்கு மட்டும் பாத்திருக்கணுமா?"

நான் ஏதோ சட்டம், சத்தியப்பிரமாணம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு ஆடி கழிஞ்சு கல்யாணம்" என்றார். "ஏரிக்குக் கீழே நெலம் இருக்குதுன்னு சொல்லித்தான் பேசினது. நீங்க எழுதுங்க, எழுதாம போங்க. வெயில் ஏறுது, கெளம்புங்க."

அன்று பிற்பகல் முழுதும் வீட்டில் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு அன்றுதான் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவர் கேட்ட மாதிரி எழுதினா யாருக்குக் கெடுதல்?" பட்டேலின் மைத்துனருக்கு என்றேன். "அவருக்கு வேற நிலமே இல்லையா?" என்றாள். நிறைய இருந்தது. அது எனக்கும் தெரியும்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். "பெயரைக் கண்டேன்" என்று எழுதியதைப் படித்தபோது, முன்பு எழுதிய பொய்யின் கையெழுத்தும் இதன் கையெழுத்தும் ஒன்றாகவே இருந்தன. முதல் பொய் என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இரண்டாவது அவரைக் காப்பாற்ற. அந்த வித்தியாசம் பெரியது என்று இன்று தோன்றுகிறது. அன்று, இனி ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்ற வைராக்கியம்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்த வைராக்கியத்துக்கு விலை கொடுத்தவர் நான் அல்ல.

மே 14 அன்று சிரஸ்தேதாரிடம் கொடுத்த வாக்குமூலம் இது: "ஒன்பதாவது புத்தகத்தில் எழுத்து இருந்தது. 1931 ஜூலை 11 அன்று நான் எண்ணெய்த் துணியால் துடைத்ததில் அழிந்தது. பட்டியலில் எழுத்து இல்லை என்று நான் எழுதியது தவறு. ஏழாம் மடிப்பில் ஏரி, மதகு என்ற இரு சொற்களின் தடம் இப்போதும் தெரிகிறது. அழியுமுன் எதையும் நான் படிக்கவில்லை." சிரஸ்தேதார் இரண்டு தடவை படித்தார். மேசையிலிருந்த பத்திரிகையை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "கடைசி வாக்கியம் தேவையா?" என்று கேட்டார். தேவை என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் டெபுடி கமிஷனரின் உத்தரவும் எடுத்துக்கொண்டது. என்ன எழுதியிருந்தது என்று எவரும் அறியாத புத்தகம் எந்தத் தரப்புக்கும் ஆதாரமாகாது என்று கூறி, அக்டோபரில் முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு எழுத்து மூலம் கண்டனம். ரிக்கார்டு ரூமிலிருந்து மாற்றம். பென்ஷனுக்குக் குறைவில்லை.

ஆடி கழிந்து அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்று சானுபோகர் சொன்னார். அடுத்த ஆண்டு நீருகண்டி குடும்பத்தோடு அத்திபெலேக்குப் போய், தானிய மண்டியில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு தடவை அங்கே போனேன். ஒரு தடவை ஆள் வேலைக்கு வரவில்லை என்றார்கள். அடுத்த தடவை, அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். சானுபோகர் 1937இல் காலமானார். பியூன் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். அதன்பின் நாங்கள் சந்திக்கவில்லை.

ஒன்பதாவது புத்தகத்தோடு பதினான்காவது கட்டு முழுதையும் தலைமை அலுவலகம் கேட்டு வாங்கிக்கொண்டது. எவராவது நல்ல ஒளியில், நல்ல கண்ணாடியோடு, ஏழாம் மடிப்பில் "தூபு" என்ற சொல்லுக்குப் பின்னால் பார்த்தால் இன்னும் ஏதாவது கீறல் தெரியக்கூடும். அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். கடைசிக் கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த எண்ணில் தற்போது எட்டுப் புத்தகங்களே இருப்பதாகவும், ஒன்பதாவது வந்து சேர்ந்ததற்குப் பதிவு இல்லை என்றும் அதில் கண்டிருந்தது.

நீருகண்டியின் பாட்டனார் பெயர் அந்தப் புத்தகத்தில் கடைசித் தடவை எழுதப்பட்டிருந்ததா என்பது, இதை எழுதும் 1946 நவம்பர் வரை, சரிபார்க்கப்படவில்லை.